நாற்பத்திரண்டாம் எண் பெட்டி

கத்திரி பிறந்து மூன்றாம் நாள்.
காகிதப்பட்டறை மலை
வெயிலைத் தின்றுவிட்டு
எங்கள் தெருவைப் பார்த்து மூச்சு விடுகிறது.
ராணிப்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.
வாசலில் இளம்பரிதி,
சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு.
"கத்தாதம்மா. அது பயந்துரும்."

கண் திறக்காத அணில்பிள்ளை.
முதுகில் மூன்று கோடும்
இன்னும் பென்சிலில்தான் போட்டிருந்தது.
மாடிவீட்டு ஏசிக்குப் பின்னால் இருந்த கூட்டை
மெக்கானிக் வாரிக் கீழே போட்டுவிட்டுப் போனாராம்.
"பேரு வெச்சாச்சு. பட்டாணி."

ஆவின் பாலைச் சுடவைத்து,
இங்க் ஃபில்லரைக் கழுவி,
எல்லாம் தயார்.
எனக்கு மட்டும் என்ன தெரியும்?
வளர்த்தது இவன் ஒருவனை,
அதிலும் பாதி நாள் பக்கத்துவீட்டு குல்சார் அக்கா.

சிங்காரிக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தபோது வாங்கிய
கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் நம்பர் இருந்தது.
சோறு மென்றுகொண்டே பேசினார்:
"பால் ஊத்திடாதீங்க, மூச்சுல ஏறிடும்.
அதுக்கு அம்மா இருக்கும்மா, தேடிக்கிட்டிருக்கும்.
ஒரு பொட்டியில வெச்சு
கூடு இருந்த எடத்துலயே கட்டுங்க.
தள்ளி நில்லுங்க.
நல்லாத் தள்ளி."

பெட்டிக்கா பஞ்சம்?
கம்பெனியில் கழித்துப்போட்டது, நாற்பத்திரண்டாம் எண்,
எந்த ஊர்க் காலுக்கோ போகவேண்டியது.
உள்ளே விரிக்க
என் பையிலிருந்து ஒரு வெட்டுத்துண்டு எடுத்தான்.
கன்றுத்தோல். பட்டைவிட மெது.
அதில் வைத்ததும்
குஞ்சின் மூக்கு ஒருமுறை துடித்தது.
உடம்பை இழுத்து இழுத்து
மூலைக்கு நகர்ந்து
அட்டையோடு ஒட்டிக்கொண்டது.

துண்டை எடுத்து அவனும் மோந்து பார்த்தான்.
"அம்மா, இது யாரோடது?"
"கம்பெனியோடது."
"அதுக்கு முன்னாடி?"

பழைய நூல்சேலையின் ஓரத்தைக்
கிழித்துக் கொடுத்தேன்.

நாலு மணியிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.
மூத்திரம் முட்டியும் எழவில்லை.
சிங்காரியை வீட்டுக்குள் விட்டுத் தாழ்போட்டிருந்தான்.
அவள் உள்ளிருந்து கதவைப் பிறாண்டப் பிறாண்ட
"கோச்சுக்காதடி, உன்ன நம்பறேன்,
உன் வாயத்தான் நம்பல" என்று
சாவித் துவாரத்தில் சமாதானம் சொன்னான்.
கீச்சுக் கீச்சென்று எங்கேயோ ஒரு குரல்.
கேபிள் வயரில் ஒரு வால்.
பாதி தூரம் வந்தது, திரும்பி ஓடியது.
மறுபடி வந்தது, ஓடியது.
அவன் கை என் கையை நசுக்கியது.
ஐந்தாம் முறை பெட்டிக்குள் இறங்கி
வாயில் கவ்விக்கொண்டு ஏறியது.
பிள்ளை தாயின் கழுத்தைச் சுற்றி
வளையல்போல் வளைந்து கிடக்க,
புங்கமரம் அசைந்து
அசைவு நின்றது.

கைதட்டுவான் என்று நினைத்தேன்.
"பட்டாணின்னா அதுதான்னு
அதுக்குத் தெரியுமா?" என்றான்.
"தெரியாது."
சோறு போடும்வரை அழுதான்.
நல்ல காரியம் செய்தாய் என்று
சொல்ல வாயெடுத்து,
அப்பளத்தை மட்டும் உடைத்து வைத்தேன்.
படுக்கப் போகும் முன்
மாடிச் சுவரில் கொட்டாங்கச்சி வைத்துத் தண்ணீர் ஊற்றினான்.
இதற்கு யாருக்கும் பேர் வைக்கவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட்.
செக்கிங் டேபிளில் விரித்த தோலில்
முள்வேலி கிழித்த நீளக் கோடு,
ஓரத்தில் உண்ணி கடித்த புள்ளிகள்.
இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டால்
கட்டிங் ஆட்கள் அதை விட்டுவிட்டு வெட்டுவார்கள்.
ரிஜிஸ்டரில் அதற்குப் பேர் 'குறை'.
ஒன்பது வருடம் எழுதியாயிற்று.

விரல் அந்தக் கோட்டின்மேல் போனது.
எந்த வேலிக்குள் எதைத் தேடிப் புகுந்தாயோ.
ஆறித்தான் இருந்தது,
ஆனால் கோணலாக,
மஞ்சள் பத்துப் போட
ஒரு கையும் வராமல்
தானாகவே ஆறியதுபோல்.

சூபர்வைசர் மேஜையைத் தட்டினார்.
வட்டம் போட்டேன்.
கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.